சிலிண்டர்காரன்

"சட்டையை விடுய்யா" என்று இரண்டாவது முறை சொன்ன பிறகுதான் அந்த டார்ச்சுக்காரன் விட்டான். சும்மா விடவில்லை, முதுகில் கையை வைத்து ஒரு தள்ளு தள்ளித்தான் விட்டான். நான் வெளியே வந்து விழாத குறை. கதவு மூடிக்கொண்டது. மூடிய பிறகும் உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டது சார். தியேட்டர் முழுக்க வாயில் பாப்கார்னை வைத்துக்கொண்டு சிரிக்கிற சத்தம். 

எந்தப் படமா? இதோ உங்கள் காம்பவுண்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறானே, இதேதான். கரண்டு மீட்டர் கணக்கெடுக்க வந்த இடத்திலும் இது முகத்தில் வந்து நிற்கிறது. பாதி முகத்தில் ரத்தம், பாதி முகத்தில் மை, கையில் துப்பாக்கி. மாறுவேடத்தில் போகிற பெண் போலீஸாம். கீழே சின்ன எழுத்தில் 'உண்மைச் சம்பவம்' என்று வேறு போட்டிருக்கிறான்.

அந்தச் சம்பவம் என் வீட்டுச் சம்பவம் சார். அந்தப் பெண் போலீஸ் என் மனைவி.

நம்ப முடியவில்லை இல்லையா? நான் கணக்கெடுக்கப் போகிற எல்லா வீட்டிலும் சொல்கிறேன், எல்லோரும் உங்களைப் போலத்தான் பார்க்கிறார்கள். சுகந்தி என்று பெயர். அப்போது பவானியில் காவலர், இப்போது ஏட்டு. மழை விடுகிற வரைக்கும் இந்தச் சன்ஷேடுக்குக் கீழே நின்றுகொள்ளலாமா? மெஷின் நனைந்தால் எனக்கு வம்பு. நாற்காலியெல்லாம் எதற்கு சார். சரி, போடுங்கள்.

முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பாதிதான் பார்த்தேன், அதுவே போதும். கதாநாயகி ஒரு வீட்டுக்குச் சமையல்காரி வேஷத்தில் போகிறாள். போகிறவள் எப்படிப் போகிறாள்? முதுகு தெரிகிற ஜாக்கெட்டில் போகிறாள். வெங்காயம் நறுக்குகிறாள், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்தச் சமையலறையை நீங்கள் பார்க்க வேண்டுமே, கல்யாண மண்டபத்து மேடை மாதிரி விளக்கு. வில்லன் வந்து அவள் தோள்மேல் கையை வைக்கிறான். உடனே ஒரு பாட்டு. ச்சீ. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்க்கிறாள். அவள் டிபார்ட்மெண்டுப் பெண்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். போலீஸ் குடும்பங்களுக்கு என்று ஈரோட்டில் போட்ட தனிக் காட்சி அது. வாசலிலேயே ஆளுக்கு ஒரு ரோஜாப்பூ கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு இதைக் காட்டுகிறார்கள்.

எல்லாவற்றையும் விடுங்கள். அந்தக் கதாநாயகிக்குப் புருஷன் இல்லை. அப்பா இருக்கிறார், அவரை வில்லன் கொன்றுவிடுகிறான். ஒரு நாய்கூட இருக்கிறது. புருஷன் மட்டும் இல்லை. உண்மைச் சம்பவம் என்றால் நான் எங்கே சார் போனேன்?

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷம் இருக்கும். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"ஒரு வீட்டுக்குச் சமையல்காரியாப் போறேனுங்க. கொஞ்ச நாள் ஆகும்."

"எந்த வீடு?"

"சொல்லக் கூடாது."

"எத்தனை நாளு?"

"அது தெரியாது."

கேட்கக் கேட்கத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மலைப் பக்கத்து ஊர்களிலிருந்து பெண் பிள்ளைகளை அழகு நிலைய வேலை கற்றுத் தருகிறோம் என்று கூட்டி வருகிறார்கள். ஒரு வீட்டில் வைத்திருக்கிறார்கள். பிறகு எங்கோ அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பெற்றவர்களுக்குப் பேச்சுமூச்சு கிடையாது. யார் அனுப்புகிறான், எங்கே அனுப்புகிறான் என்று தெரிய வேண்டும். அந்த வீட்டுக்குச் சமைக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து இவளை அனுப்புகிறார்கள். அந்த வீட்டுக்காரி ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாளாம். தேடிக்கொண்டு யாரும் வராத பொம்பளையாக இருக்க வேண்டும். அதனால் சுகந்தி புருஷன் செத்தவளாகப் போகிறாள். சொந்தபந்தம் கிடையாது. பிள்ளை கிடையாது. அது மட்டும் நிஜம்.

நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். "குத்துக்கல்லாட்டம் நான் உக்காந்திருக்கேன். நீ தாலியறுத்தவளாப் போவியா?"

"வேஷந்தானுங்க."

"வேஷத்துக்கு வேற ஒண்ணும் கிடைக்கலையா?"

"வீட்ல யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. உங்ககிட்டச் சொல்றதே, தேடிட்டு வந்துறாதீங்கன்னு சொல்றதுக்குத்தான்."

பாருங்கள், கட்டின புருஷனிடம் பேசுகிற பேச்சு. மறுநாள் காலையில் தாலிக்கொடியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்தாள். வெறும் கழுத்தோடு குனிந்து செருப்பு மாட்டினாள். அந்தக் கழுத்தைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது சார். உரித்துத் தொங்கவிட்ட கோழி மாதிரி இருந்தது. நான் பார்க்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் "வர்றேனுங்க" என்றாள். 

அதற்குப் பிறகு போன் கிடையாது, ஒன்றும் கிடையாது. அக்கம்பக்கத்தில் கேட்டால் கோயம்புத்தூரில் பந்தோபஸ்து என்று சொல்ல வேண்டும். நானும் சொன்னேன். ரொம்ப நம்பிக்கையான ஓரிருவரிடம்தான் உண்மையைச் சொன்னேன்.

ஆடி வந்தது. எங்கள் பவானியில் ஆடிப் பதினெட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடுதுறையில் கால் வைக்க இடம் இருக்காது. ஊர்ப் பெண்கள் எல்லாம் ஆற்றில் முழுகித் தாலிக்கயிறு மாற்றுகிறார்கள். என் அம்மா போய்விட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். கையில் புது மஞ்சள் கயிறு, மஞ்சள் துண்டு, குங்குமம்.

"எம்மருமவ கழுத்துல கயிறு மாத்தாம ஆடி போச்சுன்னா உனக்குத்தான்டா ஆகாது, கண்ணு."

"அவ டூட்டில இருக்கறாம்மா."

"டூட்டில இருந்தா? கழுத்து இல்லையா அவளுக்கு?"

தாலியைக் கழற்றியது அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ, அரிசி டின்னில் கையை விட்டிருப்பாள். அழுதாள். சாப்பிட மாட்டேன் என்றாள். நான் என்ன செய்வேன்? நீங்களே சொல்லுங்கள். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் இவள். அதோடு, ஒன்று சொல்கிறேன், உயிரோடு இருக்கிற மனிதன் தன்னைச் செத்தவனாக எவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருக்க முடியும்? காலையில் முகம் கழுவும்போதே ஒரு மாதிரி இருந்தது.

அந்த வீட்டைக் கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. ஈரோடு என்று சுகந்தி பேச்சிலிருந்தே தெரியும், பெண் பிள்ளைகள் நிறையப் பேர் ஒரே வீட்டில் என்று தெரியும். ஈரோட்டில் கணக்கெடுக்கிற நம் ஆள் ஒருவனிடம் டீக்கடையில் கேட்டேன். "வீட்டு இணைப்புல ஹாஸ்டல் அளவுக்கு யூனிட் ஓடுற வீடு ஏதாச்சும் இருக்கா?" உடனே சொல்லிவிட்டான். எதற்கு என்று கேட்டான். சொன்னேன். நம் ஆள்தானே.

போனேன். எப்படிப் போனேன் தெரியுமா? மாறுவேடம் அவளுக்கு மட்டும்தான் வருமா? தோளில் பை, கையில் மெஷின், காதில் பேனா, மீட்டர் பார்க்கிறவனாகவே போனேன். யாருக்கும் சந்தேகம் வராத ஆள் இந்த ஊரில் நாங்கள்தான் சார். எந்த வீட்டுக்குள்ளும் போகலாம். எந்த நாயும் பழகிவிடும். பைக்குள் மஞ்சள் கயிற்றுப் பொட்டலம்.

அந்த வீட்டுக்காரி கோமதி என்று பிறகு தெரிந்தது. தடித்த பொம்பளை, கையில் பட்டாணி உரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"ஏனுங்க, போன வாரந்தானே வந்து எடுத்துட்டுப் போனாங்க?"

நான் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "இது மறு கணக்கெடுப்புங்க. மேல இருந்து உத்தரவு" என்றேன். எப்படி? அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது.  பட்டாணியை உரிப்பதை நிறுத்தினாள், அவ்வளவுதான்.

உள்ளே ஒரு வாடை சார். நிறையப் பேர் ஒரே சோப்பில் குளித்துவிட்டு ஈரத் துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டால் வருமே, அந்த வாடை. ஜன்னல் எல்லாம் பலகை அடித்திருந்தது. மீட்டர் பின்பக்கம். போகிற வழியில் ஒரு கம்பிக் கதவு, அதற்குப் பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பச்சைச் சுடிதார். பதினாறு வயதுகூட இருக்காது. என்னை நேராகப் பார்த்து, "அண்ணா, இது எந்த ஊருங்கண்ணா?" என்றாள்.

இருக்கிற ஊர் தெரியாதவள் உலகத்தில் உண்டா? வெட்கமில்லாமல் அன்னிய ஆம்பளையைக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு முகம் சுளித்துப்போனது. பேசாமல் வந்துவிட்டேன்.

சமையலறை வாசலில் சுகந்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். வெளுத்த சேலை. நிமிர்ந்து பார்த்தாள். என்னைத் தெரிந்த மாதிரியே காட்டவில்லை. கோமதி பின்னாலேயே நிற்கிறாள். நான் மெதுவாக, "தண்ணி கொஞ்சம் கிடைக்குங்களா?" என்றேன், சுகந்தியை உள்ளே கூப்பிட்டுக் கயிற்றைக் கையில் கொடுக்கலாம் என்று. இவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"மீட்டரு வெளியிலதான இருக்குது. இங்க எதுக்கு வந்து நிக்கறீங்க?"

ஒரு பிச்சைக்காரனிடம் பேசுகிற மாதிரி. கட்டின புருஷனிடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது சார், ஆனாலும் அடக்கிக்கொண்டேன், வேஷம் முக்கியம் அல்லவா? மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தேன், நம்பரைக் குறிக்கிற மாதிரி குறித்தேன், பொட்டலத்தை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினேன். கிளம்பும்போது அவள் பக்கம் பார்த்துக் கண்ணால் பெட்டியைக் காட்டினேன். எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்தேன் என்று நினைத்துப் பாருங்கள்.

அன்று சாயங்காலமே அவர்கள் அவளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

எவனோ காட்டிக்கொடுத்திருக்கிறான் சார். டிபார்ட்மெண்டிலேயே இருக்கிற ஆள். இன்று வரைக்கும் அவன் யார் என்று கண்டுபிடிக்கவில்லை. நானும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், சுகந்தி வாயைத் திறப்பதில்லை. மேலதிகாரியாக இருப்பான், பயப்படுகிறாள்.

யார் அனுப்பினது என்று கேட்டு அவள் வலது கையைத் தோசைக்கல்லில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். அவள் போலீஸ் என்றும் சொல்லவில்லை, என் பெயரையும் சொல்லவில்லை. வாய்க்கால் கரையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு ஆட்டோக்காரர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். படத்தில் கதாநாயகி கட்டை அவிழ்த்துக்கொண்டு பத்துப் பேரை அடிக்கிறாளாம். கண் மை கலையவில்லையாம். போலீஸ் போனபோது அந்த வீடு காலி. சோறு மட்டும் அடுப்பில் இருந்ததாம்.

அந்தப் பிள்ளைகளை ஓசூர்ப் பக்கம் ஒரு லாட்ஜில் பிடித்தார்கள். எல்லோரும் கிடைத்துவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர. தேன்மொழி என்று பெயர். பச்சைச் சுடிதார்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். டி.எஸ்.பி. ஒரு அம்மாள். "அன்னைக்கு ஏன் அங்க போனீங்க?" என்று கேட்டார். "பொண்டாட்டியைப் பாக்கப் போறது எந்தச் சட்டத்துல குத்தமுங்க மேடம்?" என்றேன். அவர் சுகந்தியைப் பார்த்தார். இவள் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருக்கிறாள். "விடுங்க மேடம்" என்றாள். அவ்வளவுதான். பதில் சொல்ல அவர்களிடம் என்ன இருக்கிறது?

அந்தக் கை ஆற எவ்வளவு காலம் ஆனது என்று நினைக்கிறீர்கள்! மருந்து வாடையும் சீழ் வாடையும் வீடு முழுக்க அடித்தது. எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் நான்தான் பிசைந்து ஊட்டினேன். நான்தான் தலை பின்னிவிட்டேன், கோணலாகத்தான் வரும், ஆனாலும் பின்னிவிட்டேன். ஒரு வேளை தவறியதில்லை. அவள் வாயைத் திறப்பாள், மெல்லுவாள், விழுங்குவாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள், பின்னால் இருக்கிற சுவரைத்தான் பார்ப்பாள். இதெல்லாம் படத்தில் வருகிறதா? வராது.

அந்தத் தேன்மொழியின் அம்மா அஞ்சலை, மலையிலிருந்து இறங்கி வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொள்கிறாள். இன்றும் வருகிறாள். சுகந்தி அவளுக்குச் சோறு போடுவாள், இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் வேலை முடிந்து வந்தால் போதும், அஞ்சலை எழுந்து என்னிடம் வந்துவிடுவாள். அந்தப் பெண் என்னிடம் பேசினாள் என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அதுதான் தப்பாகப் போயிற்று.

"எம் புள்ள உங்ககிட்ட என்ன சாமி கேட்டுச்சு?"

"எந்த ஊருன்னு கேட்டுச்சும்மா."

"நீங்க சொன்னீங்களா சாமி?"

"சொன்னேன்."

சொன்னேன் என்று சொல்லிவைத்தேன். அதில் அவளுக்கு ஒரு திருப்தி. தலையை ஆட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துகொள்வாள். அடுத்த தடவை வந்து அதையே கேட்பாள். எனக்கு அலுத்துப்போய்விட்டது சார். வியர்வையும் புகையும் கலந்து ஒரு நெடி அவள்மேல். அவள் போன பிறகும் அந்த நாற்காலியில் நான் உட்காருவதில்லை.

போன வருஷம் இந்தப் படத்தின் டைரக்டர் வந்தான். தாடி வைத்த பையன். சுகந்தியிடம் கதை கேட்க வேண்டுமாம். நானே டீ போட்டுக் கொடுத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன். அவள் வரைக்கும் அவள் சொல்லட்டும், மற்றது நமக்குத்தானே தெரியும்? நான் வாயைத் திறக்கும் நேரத்தில், "ஏனுங்க, பாலு தீந்து போச்சு, வாங்கிட்டு வந்துருங்க" என்றாள். வாங்கிக்கொண்டு வருவதற்குள் அவன் கிளம்பிவிட்டான். வாசலில் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். ஒரு மாதிரி பார்த்தான். சினிமாக்காரர்களே அப்படித்தான்.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தச் சிலிண்டர்காரன் காட்சியே வந்திருக்காது. நான் எழுந்து கத்தியது அதற்குத்தான். சொல்கிறேன் கேளுங்கள். கதாநாயகி வில்லன் வீட்டில் இருக்கிறாள். எல்லாம் ஒழுங்காகப் போகிறது. அப்போது ஒரு கேஸ் சிலிண்டர்காரன் வருகிறான். ஒரு காமெடி நடிகன், அவன் நடந்து வருவதற்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். அடியாள் கேட்கிறான், "நேத்துதானடா சிலிண்டர் வந்துச்சு?" இவன் முழிக்கிறான். "இது ஆடித் தள்ளுபடிங்கண்ணா. ஒண்ணு வாங்குனா ஒண்ணு சும்மா" என்கிறான். தியேட்டரே இடிந்துவிடும் போலச் சிரிப்பு. அதோடு விட்டானா? சமையலறைக்குள் போய்க் கதாநாயகியைப் பார்த்துக் கண்ணைக் கசக்குகிறான். அவள் பின்னால் சுற்றுகிற ஒருதலைக் காதல்காரனாம். ஒரு பூப்பொட்டலத்தைச் சிலிண்டருக்குக் கீழே வைத்துவிட்டுப் புருவத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறான். வில்லன் அவனுக்குப் பின்னாலேயே நிற்கிறான். கூட்டம் கையைத் தட்டிக் காலைத் தட்டிச் சிரிக்கிறது. அவன் போன உடனே வில்லன் அந்தப் பொட்டலத்தை எடுக்கிறான்.

எந்த மடையனாவது இப்படிச் செய்வானா சார்? உளவு பார்க்கிற இடத்துக்கு ஒருத்தன் இப்படிப் போவானா? வாயில் வருகிற பொய்யாவது நம்புகிற மாதிரி சொல்ல வேண்டாமா? ஒரு பெண் உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலையைக் கெடுத்ததற்கு ஒரு கோமாளியைக் காரணமாகக் காட்டுகிறான். காட்டிக்கொடுத்த அதிகாரியை மறைப்பதற்கு இப்படி ஒரு வழி.  எனக்குப் பின்னால் ஒருத்தன், "இவனை மாதிரி ஒருத்தன் கூட இருந்தாப் போதும்டா, வில்லனே வேண்டாம்" என்றான். அவன் பக்கத்தில் இருந்தவள், "இவனைக் கட்டிக்கிறவ எவளோ பாவம்" என்றாள்.

அப்போதுதான் எழுந்து நின்றேன். "சிரிக்காதீங்கடா" என்று கத்தினேன். "என்னடா தெரியும் உங்களுக்கு? சிரிக்காதீங்கடா!" இன்னும் என்னென்னவோ சொன்னேன். பெண் போலீஸின் மரியாதைக்காகத்தான் கத்தினேன். பக்கத்தில் சுகந்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை மடியில், அதன்மேல் இடது கை. அவள் சிரிக்கவில்லை. அவள் வரிசையில் இருந்த போலீஸ் பெண்கள் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அந்தக் காட்சி பிடிக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. பிறகுதான் டார்ச்சுக்காரன் வந்தான்.

முடிவில் எல்லாப் பிள்ளைகளும் தப்பித்து ஒரு பஸ்ஸில் ஏறிக் கையசைத்துக்கொண்டு போகிறார்களாம். வெளியே வந்தவர்கள் சொன்னார்கள். பொய்தானே?

உண்மையில் அந்தப் படத்துக்கு நான் போனதே படம் பார்க்க இல்லை. டி.எஸ்.பி. அம்மாளை நேரில் பார்த்து ஒரு விஷயம் சொல்லத்தான் போனேன். அதற்கு ஒரு வாரம் முன்னால் சுகந்தி என்னிடம் சொன்னாள், தேன்மொழியை வடக்கே ஒரு ஊரில் பார்த்ததாகத் தகவல் வந்திருக்கிறது என்று. ஒரு வீட்டு வேலைக்காரி சொல்லியிருக்கிறாள், தமிழ் பேசுகிற பெண், எந்த ஊர் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று.

"நான் போலாம்னு இருக்கறேனுங்க."

"எங்க போவ? அந்தக் கையோடவா? தழும்பைப் பாத்தா எவனும் கேப்பானே."

"கேட்டா, புருஷன் வெச்ச சூடுன்னு சொல்லிக்கறேன். நம்பிருவாங்க."

கேட்டீர்களா சார்? நான் ஊட்டிவிட்ட வாய். அந்த வாயில் வருகிற பேச்சு. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. "போறதுன்னா எம் பொணத்தைத் தாண்டிப் போ" என்று சொல்லிவிட்டேன்.  "சரிங்க" என்று எழுந்து போய்த் துணி மடித்தாள்.

படம் விட்டு டி.எஸ்.பி. வெளியே வந்ததும் நேராகப் போனேன். கூட இவளும் வருகிறாள். "மேடம், இன்னொரு தடவை எம் பொண்டாட்டியை எங்கயும் அனுப்ப விடமாட்டேன். அந்தப் புள்ளைக்குப் பெத்தவங்க இருக்கறாங்க, டிபார்ட்மெண்டுல வேற ஆள் இருக்கறாங்க. இவளுக்கு நான் ஒருத்தன்தான் இருக்கறேன்" என்றேன். நான் சண்டைக்குத் தயாராகப் போனேன் சார். அந்த அம்மாள் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. "நீங்க சொன்னாச் சரிங்க குணசீலன். அனுப்பலை" என்றார். அவ்வளவு சுலபமாக முடிந்தது. நேரில் போய் முகத்தைப் பார்த்துச் சொன்னால் எந்த அதிகாரியும் கேட்பான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நிம்மதி. இப்போது அவள் சென்னையில் பயிற்சிக்குப் போயிருக்கிறாள், கம்ப்யூட்டர் பயிற்சி. நானேதான் பஸ் ஏற்றிவிட்டேன். பயிற்சி முடிகிற வரைக்கும் போன் பேச அனுமதி இல்லையாம், அங்கே சட்டம் ரொம்பக் கறார். பழைய நூல் சேலைகளாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நல்லதாக நாலு எடுத்துக்கொள் என்றேன், அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்றாள். அதுவும் சரிதான். அந்த அஞ்சலை வந்தாள், அவளிடமும் பயிற்சி என்றுதான் சொன்னேன். இந்தத் தடவை அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாசலிலேயே கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். அப்பாடா என்று இருந்தது.

மழை விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது. அந்தப் போஸ்டரைக் கிழித்துவிடுங்கள் சார், நனைந்திருக்கிறது, இப்போது இழுத்தால் வந்துவிடும். வீட்டில் பெண் பிள்ளைகள் இருந்தால் இதையெல்லாம் பார்க்கக் கூடாது.

கோபப்படவில்லையா என்று கேட்கிறீர்களா? சுகந்தியா? அதுதான் இல்லை. நான் தியேட்டரில் கத்தினதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, டி.எஸ்.பி.யிடம் பேசினதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கிளம்பின பிறகு இரண்டு பேரும் வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்தோம். நல்ல கூட்டம், எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் படத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன். "பசிக்குதாங்க?" என்றாள். "பசிக்கவா செய்யும் இதையெல்லாம் பாத்துட்டு?" என்றேன். என் கையிலிருந்து சாவியை வாங்கி வண்டியில் போட்டாள். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் உரித்து எடுத்து, கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.